பொதுக் கரண்டி

சாப்பாட்டு விஷயத்தில் நான் பேஜார் பிடித்த ஆள். அயர்லாந்துக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே, "அங்கே என்னய்யா கிடைக்கப்போகுது, உருளைக்கிழங்கும் மழையும்தானே" என்று எங்கள் நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். போய் இறங்கிய நாளிலிருந்து அதை நிரூபிப்பதே என் முழுநேர வேலையாக இருந்தது.

போனது இரண்டு குடும்பம். நானும் என் மனைவி ஷ்யாமளாவும். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் ரூஃபஸ், அவன் மனைவி பிரீத்தா, அவர்கள் பையன் சைலஸ். ரூஃபஸும் நானும் ஒரே மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர்கள் பாளையங்கோட்டைக்காரர்கள், சர்ச், பாட்டு, ஜெபம் என்று இருப்பவர்கள். எங்கள் பெண் விஷாகா காலேஜுக்குப் போனபிறகு ஷ்யாமளாவுக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவன் சைலஸ்தான். பிரீத்தாவும் எதற்கெடுத்தாலும் "ஷ்யாமளாக்கா, ஷ்யாமளாக்கா" என்று இவளைத்தான் கூப்பிடுவாள்.

சைலஸுக்கு ஒன்பது வயது. எள் ஆகாது. சும்மா தடித்து அரிக்கிற ரகம் இல்லை, தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடுகிற ரகம். அதற்கான எபிபென் ஊசி பிரீத்தாவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். அவர்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற அன்று ஷ்யாமளா நல்லெண்ணெய்ப் பாட்டிலைக்கூட கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுப்பு மேடையை இரண்டு தரம் துடைப்பாள். அவ்வளவு கவனம்.

அயர்லாந்து சாப்பாட்டைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. லஸான்யா கேட்டால் கூடவே சிப்ஸ் வைக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கும் ஒரு உருண்டை வைக்கிறார்கள். வெஜிடபிள் சூப் எந்த ஊரில் கேட்டாலும் ஒரே பச்சைக் கூழாக அரைத்து வருகிறது. இதில் என்ன காய் என்று கேட்டால் எல்லாக் காயும்தான் என்கிறார்கள். கறி சிப்ஸ் என்று போர்டு பார்த்து ஆசையாக வாங்கினேன். மஞ்சளாக, தித்திப்பாக, ஜுரக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு குழம்பு. அதையும் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். இருபது பேர் சிரித்தார்கள்.

ஆனால் அந்த ஊர் வெண்ணெய் எப்படி இருந்தது, அந்தப் பழுப்பு ரொட்டி எப்படி இருந்தது, நம் வீட்டில்கூட வராத அளவுக்குத் திக்காக டீ எப்படி வந்தது என்பதையெல்லாம் குழுவில் போடவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் யார் சிரிக்கப்போகிறார்கள்?

ஷ்யாமளா கைப்பையில் மிளகாய்ப்பொடி டப்பா ஒன்று இருந்தது. எள் வறுத்துப் போட்டு இடித்தது. எனக்காக எடுத்துவந்தது. ஹோட்டல் அறையில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது மட்டும்தான் அதைத் திறப்போம். அது அவள் போட்ட சட்டம், நானும் ஒப்புக்கொண்ட சட்டம்.

கெர்ரி பக்கம் ஒரு சின்னக் கடலோர ஊர். அங்கே நோரா என்று ஒரு அம்மாள் நடத்துகிற ரெஸ்டாரன்ட். எட்டு மேஜை இருக்கும். அவளே சமைத்து அவளே பரிமாறுகிறாள். உட்கார்ந்ததுமே, யாருக்காவது ஏதாவது ஒவ்வாமை உண்டா என்றுதான் முதலில் கேட்டாள். பிரீத்தா சொன்னாள். நோரா உடனே எங்கள் மேஜையிலிருந்த ரொட்டிக்கூடையைத் தூக்கிவிட்டாள்; ரொட்டியின் மேல் விதை தூவியிருக்கிறதாம். பக்கத்து மேஜைக் கூடையையும் தூக்கினாள். கையைக் கழுவினாள், ஏப்ரனை மாற்றினாள். சைலஸுக்கு என்று புதிதாக ஒரு சட்டியை எடுத்து, அதை அவன் கண்ணெதிரிலேயே கழுவிக் காட்டிவிட்டு அடுப்பில் வைத்தாள்.

"எண்ணே, நம்ம ஊர் ஹோட்டல்ல இப்படிப் பாப்பாங்களா?" என்றாள் பிரீத்தா. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நடுமேஜையில் பெரிய பீங்கான் கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு மசியல் வந்தது. முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் கலந்து, மேலே குழி செய்து வெண்ணெய் விட்டிருந்தாள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய கரண்டி. ரூஃபஸ் தன் மகனையும் பிரீத்தாவையும் கூட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான், படகு வருவதைக் காட்ட. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டேன்.

"சப்புன்னு இருக்கு. பொடியை எடேன்" என்றேன்.

"இங்கேயா? வேண்டாம். ரூமுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"மூணு நாளா வாய் செத்துப்போயிருக்குடி. அவங்கதான் அங்கே நிக்கறாங்களே. ஒரு சிட்டிகை."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். டப்பாவை மேஜைக்கு அடியில் வைத்தே திறந்தாள். நான் என் முள்கரண்டியை நீட்டினேன். "எச்சில்" என்று தட்டிவிட்டாள். எச்சில் கரண்டி பட்டால் மிச்சமிருக்கும் நாட்களுக்குப் பொடி கெட்டுப்போகும். கைக்கெட்டும் தூரத்தில் எச்சில் படாமல் இருந்தது கிண்ணத்தில் கிடந்த பொதுக் கரண்டிதான். அதை எடுத்து, பொடியை அள்ளி, என் தட்டில் தட்டினாள். பிறகு டப்பாவை மூடினாள். கையை டிஷ்யூவில் துடைத்தாள், மேஜையில் சிந்தியதையும் துடைத்தாள், டிஷ்யூவை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டுவிட்டாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. ஆனால் மண்டையில் ஏறவில்லை, ஆஹா என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். சைலஸ் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "மாம், ஐ டோன்ட் ஃபீல் குட்" என்றான். உதடு வீங்கிவிட்டது. பிரீத்தா ஊசியைக் கையில் எடுத்தாள், ஆனால் மூடியைக் கழற்ற வரவில்லை. ரூஃபஸ் "இயேசுவே, இயேசுவே" என்று நிற்கிறான். ஷ்யாமளாதான் அவள் கையிலிருந்து பிடுங்கி, மூடியை இழுத்து, பையனின் தொடையில் குத்திப் பிடித்துக்கொண்டாள். பேன்ட்டுக்கு மேலேயே. பத்து எண்ணுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. நோரா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள்.

பிழைத்துவிட்டான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயசு டாக்டர் வந்து, ஹோட்டலில் பரிமாறியதைத் தவிர வேறு ஏதாவது, வெளியிலிருந்து கொண்டுவந்தது ஏதாவது சாப்பிட்டானா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால் வைத்தியத்துக்குச் சௌகரியம் என்றார். "நத்திங், நத்திங் எல்ஸ்" என்று பிரீத்தா அழுதாள். ஷ்யாமளா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்தபிறகுதான் எனக்கும் அந்தக் கரண்டி ஞாபகம் வந்தது. அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நான் தலையை லேசாக ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவு போயிற்று என்று தெரியாததால் பையனைக் கூடுதலாக ஒரு நாள் அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள்.

விமானத்தில் அவள் விடாமல் கேட்டாள், சொல்லிடலாமா, சொல்லிடலாமா என்று.

"சொல்லி என்ன ஆகப்போகுது? பையன் நல்லா இருக்கான். இப்பப் போய்ச் சொன்னா ஃப்ரெண்ட்ஷிப் போகும், வேற என்ன?" என்றேன். "யாருக்கு நஷ்டம் சொல்லு?"

அவள் ஊருக்கு வந்து டப்பாவைப் பொடியோடு குப்பையில் போட்டாள்.

யாருக்கு நஷ்டம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. எச்சரித்தும் எள் கலந்து கொடுத்தார்கள், ரொட்டி வெட்டிய கத்தியைத்தான் உபயோகித்திருப்பார்கள், என் குழந்தையைக் கொல்லப் பார்த்தார்கள் என்று ரெஸ்டாரன்ட் பெயரைப் போட்டு, சைலஸ் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டு படுத்திருக்கும் போட்டோவையும் போட்டு, பிரீத்தா ஒரு ரிவ்யூ எழுதினாள். தாய் எழுதினது. யார்தான் நம்ப மாட்டார்கள்? நியூ ஜெர்சியில் இருக்கிற தமிழ்க் குழுக்களில் ஒன்றுவிடாமல் அது சுற்றியது. எனக்கே நாலு பேர் ஃபார்வர்ட் பண்ணினார்கள். ஒருவர் கீழே என் பெயரையும் போட்டு எழுதியிருந்தார்: மகாதேவன் சார் அப்பவே சொன்னாரே, அந்த ஊர் சாப்பாடு சரியில்லைன்னு.

ஆபீஸில் காபி மெஷின் பக்கத்தில் ரூஃபஸ் ஒருநாள் மெதுவாகச் சொன்னான். "அந்தம்மா போன் பண்ணிக்கிட்டே இருக்காண்ணே. பிரீத்தா எடுக்க மாட்டேங்கா, நான்தான் பேசுதேன். இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு ஒண்ணும் தப்பில்லன்னுட்டுப் போயிட்டானாம். ஆனா அவளே கிச்சனை மூடிட்டா. எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல, தெரியாம எப்படி இன்னொரு பிள்ளைக்குச் சமைச்சுப் போடுவேன்னு அழுதா. பாவமா இருக்குண்ணே."

"ம்" என்றேன். கப்பில் காபி வழிந்து கையைச் சுட்டது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ரூஃபஸ் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். பிள்ளை பிழைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்ல. பாஸ்டர் வந்திருந்தார், சர்ச் ஆட்கள், ஆபீஸ் ஆட்கள் என்று வீடு நிறைய ஜனம். போகமாட்டேன் என்று ஷ்யாமளா அடம்பிடித்தாள். போகாவிட்டால் கேள்வி வரும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே பிரீத்தா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, பாட்டு முடிஞ்சதும் நீங்கதான் சாட்சி சொல்லணும், ஆண்டவர் பிள்ளையைக் காப்பாத்துனதை எல்லாருக்கும் முன்னால. ரெண்டு வார்த்தை போதும். நீங்க மட்டும் அன்னைக்கு இல்லன்னா எனக்கு இன்னைக்குப் பிள்ள இல்ல."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல பிரீத்தா, நான் சமையல் பாக்கறேன்" என்று ஷ்யாமளா நேரே கிச்சனுக்குள் போய்விட்டாள்.

ஹாலில் பிச்சுமணி என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆபீஸ்காரர்தான். "சார், அடுத்த மாசம் நாங்க அயர்லாந்து போறதா இருந்தோம், இதைப் படிச்சுட்டு என் ஒய்ஃப் கேன்சல் பண்ணிட்டா. அவ்வளவு மோசமா சார் சாப்பாடு?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லி பேஸ்மென்ட் பக்கம் நழுவினேன்.

பேஸ்மென்ட் படியில் சைலஸ் தனியாக உட்கார்ந்திருந்தான். மடியில் ஐபேட் அணைந்து கிடந்தது. இளைத்திருந்தான். அவனுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

"என்னடா, கீழே உக்காந்துட்டே?"

"அங்கிள், ஆன்ட்டி மாம் கிட்டச் சொல்லிட்டாங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டான், குரலைத் தாழ்த்தி.

"எதை?"

"ரெட் ஸ்டஃப்."

அவன் தலை நிமிராமலே சொல்லிக்கொண்டு போனான். மசியலில் ஓரமாகச் சிவப்பாக இருந்ததாம். அது ஆன்ட்டியின் பொடி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். ஆன்ட்டி வீட்டுப் பொடியைத் தொடவே கூடாது என்று அவன் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாளாம். கொஞ்சம்தானே என்று நாக்கில் வைத்துப் பார்த்தானாம். அப்புறம் ஒரு ஸ்பூன் எடுத்தானாம். அதை நானும் ஆன்ட்டியும் பார்த்துவிட்டோம் என்றே நினைத்திருந்தானாம்.

"இட் வாஸ் தி பெஸ்ட் திங் ஐ ஏட் இன் அயர்லாந்த்" என்றான். சொல்லும்போதே அழுகை முட்டியது. தன்னால்தான் எல்லாம் ஆனது, அம்மா அழுதது, நோரா கடையை மூடியது எல்லாமே. நோராவை ஜெயிலில் போட்டுவிடுவார்களா என்று கேட்டான். பிறகு முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ், அங்கிள். நீங்களும் ஆன்ட்டியும் என்னைக் காட்டிக்கொடுக்காம இருந்ததுக்கு" என்றான்.

அட பாவி மனுஷா என்று என்னையே வைதுகொண்டேன். அதை உள்ளுக்குள்தான் வைதேன். வெளியே அவன் தலையைத் தடவி, "ஒண்ணுமில்லடா, போய் விளையாடு" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

கிச்சனுக்குப் போய் ஷ்யாமளாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்தான், ஆனால் என்னால் அதைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அவள் குருமாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே கிளறினாள், பிறகு கை நின்றுவிட்டது.

"அவனா? தன் தப்புன்னு நினைச்சுண்டிருக்கானா?"

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. போய் விளையாடுன்னேன்."

"குழந்தை அழுதிருக்கான். ஒண்ணும் சொல்லாமயா வந்தீங்க?"

"ஷ்யாமளா, இங்க வேண்டாம். இத்தனை பேர் இருக்காங்க. அப்புறமா தனியா—"

அவள் அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. "வாங்கக்கா, வாங்க" என்று பிரீத்தா கைதட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பாஸ்டர் எழுந்து இடம் விட்டார்.

"எனக்கு சாட்சி சொல்லத் தெரியாது" என்று ஆரம்பித்தாள் ஷ்யாமளா. "பிரீத்தா, அந்த ஹோட்டல்காரம்மா ஒரு தப்பும் பண்ணல. உருளைக்கிழங்குல எள்ளு கலந்தது நான்தான். என் பையில பொடி இருந்தது. அந்தப் பொதுக் கரண்டியால எடுத்து இவர் தட்டுல போட்டேன், போட்டுட்டுக் கரண்டியை மறுபடி கிண்ணத்துல வெச்சுட்டேன். குழந்தை தெரியாம சாப்பிட்டான். அவன்மேல ஒரு குத்தமும் கிடையாது. சைலஸ், கேக்கறியாடா? உன்மேல ஒரு குத்தமும் கிடையாது. பெரியவங்க பண்ணின தப்பு."

கைதட்டின கைகள் எல்லாம் மடியில் கிடந்தன. ரூஃபஸ் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சைலஸ் படியேறி வந்து கதவருகில் நின்றுகொண்டிருந்தான்.

பிரீத்தா எழுந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வந்து ஷ்யாமளாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கை தவறிப் போச்சு. யாருக்கும் நடக்கும்க்கா" என்றாள். "ஊருக்கு வந்தப்பறம்தானக்கா உங்களுக்கு நினைவு வந்துச்சு? டாக்டர் அங்க கேட்டாரே, வேற எதாவது சாப்பிட்டானான்னு கேட்டாரே, அப்ப உங்களுக்குத் தெரியாதுல்ல? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எங்களை மன்னிக்கத் தயாராக நின்றாள். ஷ்யாமளா வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"ஆமாம்மா, ஆமாம். இங்க வந்தப்பறம்தான் தோணிச்சு. பொடி டப்பாவைக் கழுவறப்பதான் இவளுக்கு ஸ்ட்ரைக் ஆச்சு. போன வாரம்தான். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்…"

ஷ்யாமளா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்ல பிரீத்தா" என்றாள். "டாக்டர் கேட்டப்பவே எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்."

பிரீத்தா அவள் கையை விட்டுவிட்டாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. சைலஸ்தான் பார்த்தான், கதவைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நேரம் முன்னால் எனக்குத் தேங்க்ஸ் சொன்ன பையன்.